கூலி என்ற வரிக்கு யார் காவல்?
சிங்கப்பூரின் ஆடைக் கொள்முதல் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் மேலாளர்களுக்கும் விலை நிர்ணயக் குழுவினருக்கும் வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகள் நான் உங்களுள் ஒருவனாக இருந்தேன். திருப்பூரிலும் டாக்காவிலும் புனோம் பென்னிலும் தைக்கப்பட்ட ஆடைகளுக்கு இங்கிருந்தபடியே விலை பேசி முடித்தேன். சில மாதங்களுக்கு முன் நம் துறையினர் கூடிய ஒரு கலந்துரையாடலுக்குப் பார்வையாளனாகச் சென்றிருந்தேன். வளரும் நாடுகளில் கூலி ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கே எழுந்தது. ஊழல் மலிந்த அரசாங்கங்கள் என்றார் ஒருவர். மக்கள்தொகை என்றார் இன்னொருவர். திறன் போதாத தொழிலாளர்கள், பேராசை பிடித்த ஆலை முதலாளிகள், மலிவு விலையைத் தவிர வேறெதையும் பார்க்காத வாடிக்கையாளர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. விலையைப் பேசி முடிக்கிறவர்களாகிய நம் பெயர் மட்டும் அதில் கடைசிவரை வரவில்லை. நானும் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினேன். அன்று சொல்லத் தவறியதை இப்போது எழுதுகிறேன்.

நம் எல்லாருக்கும் பழக்கமான விலைப்பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சாதாரணப் பருத்தி டி-சட்டைக்கு ஆலை அனுப்பும் பட்டியலில் நூல், பின்னல், சாயம், அச்சு, லேபிள், பாலித்தீன் உறை, அட்டைப்பெட்டி, துறைமுகம் வரையிலான லாரி வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். வெட்டுதல், தைத்தல், முடித்தல் மூன்றையும் சேர்த்துச் 'சிஎம்டி' என்று ஒரு வரி இருக்கும். தொழிலாளியின் கூலி அந்த வரிக்குள்தான் இருக்கிறது. அதுவும் ஆலை வாடகை, மின்கட்டணம், மேற்பார்வைச் செலவு, லாபம் ஆகியவற்றோடு பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கிறது. அந்தச் சட்டை கடையில் விற்கும் விலையில் தைத்தவர் கைக்குப் போகும் பங்கு மூன்று விழுக்காட்டைத் தாண்டிய ஒரு பட்டியலையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

ஓர் ஆண்டு கோடைக்கால ஆர்டருக்காகத் திருப்பூர் ஆலை உரிமையாளர் ஒருவரிடம், ஒரு சட்டைக்கு ஏழு காசு (சென்ட்) குறைத்தால்தான் ஆர்டரை உறுதிப்படுத்த முடியும் என்று தொலைபேசியில் சொன்னேன். என்னைவிட மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நூல் வெல நம்ம கையில இல்லீங்க. சாயப்பட்டறைக்காரரு ஒரு பைசா கொறைக்க மாட்டாருங்க. கரண்டு பில்லு கட்டலைன்னா பீஸப் புடுங்கிருவாங்க. மிச்சம் இருக்கறது சனங்களோட கூலிதானுங்க. அதுல கைய வெக்கச் சொல்றீங்களா?"

கூலியில் கை வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. "எப்படியாவது பார்த்து முடித்துக் கொடுங்கள் அண்ணே" என்றேன். இரண்டு நாள் கழித்து அவர் சம்மதித்தார். ஏழு காசு குறைந்தது. அந்த ஆண்டு என் வேலைத் திறன் மதிப்பீட்டில் அந்தச் சேமிப்பு என் கணக்கில் எழுதப்பட்டது.

எட்டு மாதம் கழித்து அதே ஆலைக்குப் போனேன். கூலி விகிதத்தில் அவர் கை வைக்கவில்லை. தொழிற்சங்கங்களோடு போட்ட ஒப்பந்த விகிதம் ஏட்டில் அப்படியே இருந்தது. மாறியிருந்தது வேறு. தையல் வரிசைகளில் பாதியைப் பவர்டேபிள் (மின் தையல் மேசை) காண்ட்ராக்டர் ஒருவரிடம் விட்டிருந்தார்கள். அதே கூரை, அதே இயந்திரங்கள், அதே முகங்கள்; ஆனால் அவர்கள் இப்போது கம்பெனி ஆட்கள் இல்லை. பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. வருங்கால வைப்புநிதி இல்லை, ஈஎஸ்ஐ மருத்துவ அட்டை இல்லை. செக்கிங் மேசையில் ஓர் அம்மா வலது பெருவிரலில் பனியன் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். பிசிறு நூலை வெட்டும் சிறிய கத்தரி நாள் முழுக்க அழுத்துவது அந்த இடத்தில்தான். தினமும் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். அதில் பாதி ஷிப்டை முன்பு விரும்பினால் பார்க்கலாம். இப்போது அதையும் சேர்த்தால்தான் பழைய வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வருகிறது என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் சேமித்த ஏழு காசு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. சாயப்பட்டறைக்காரர் ஒரு பைசா குறைக்க மாட்டார் என்பது அந்த உரிமையாளருக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது? அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் சாயக்கழிவு அப்படியே நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. நாம் மலிவான சாயத்துக்கு மகிழ்ச்சியோடு விலை பேசினோம். விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. திருப்பூர் தடுமாறியது, வேலையிழந்தவர்கள் பட்ட துன்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டறைகள் சுத்திகரிப்பு ஏற்பாடுகளோடு மீண்டும் திறந்தன, சாயக்கூலி உயர்ந்தது, நாமும் அதைக் கொடுத்தோம். அந்த நகரின் ஏற்றுமதி பின்னர் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்தது. இன்று எந்தக் கொள்முதல் மேலாளரும் சுத்திகரிப்புச் செலவைக் குறையுங்கள் என்று பேரம் பேசுவதில்லை, ஏனென்றால் அந்த வரிக்கு நீதிமன்றம் காவல் இருக்கிறது. நூல் வரிக்குப் பஞ்சுச் சந்தை காவல் இருக்கிறது, மின்கட்டண வரிக்கு மின்வாரியம் இருக்கிறது. விலைப்பட்டியலில் காவலில்லாமல் நிற்பது கூலி ஒன்றுதான். வளரும் நாடுகளில் கூலி ஏன் குறைவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது: மேலிருந்து வரும் அழுத்தம் முழுவதும், தடுப்பார் இல்லாத அந்த ஒரு வரியில்தான் போய் இறங்குகிறது.

காவல் காத்திருக்க வேண்டியவர்கள் யார் என்று பார்த்தால், அந்தந்த நாட்டு அரசாங்கங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்களை நான் தப்பவிடப் போவதில்லை. ஒரு குடும்பம் வாழ எவ்வளவு தேவை என்பது இந்திய அரசுக்குத் தெரியாத கணக்கில்லை. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை வரையறுத்துவிட்டது: உழைப்பவரின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கொண்டு, ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, அதற்கு மேல் வாடகை, எரிபொருள் என்று. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக அதோடு 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பின்னாளில் சொன்னது. அரசு நியமித்த நிபுணர் குழுவே 2019இல் தேசிய அளவில் நாளொன்றுக்கு 375 ரூபாய் பரிந்துரைத்தது. அப்போது நடைமுறையில் இருந்த தேசியத் தரைமட்டக் கூலி 176 ரூபாய். தமிழ்நாட்டில் அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுக்குள் ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்பட வேண்டியிருந்த குறைந்தபட்சக் கூலி, தையல் தொழிலுக்கு ஏறத்தாழ பத்தாண்டு கழித்து 2014இல்தான் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அதையும் எதிர்த்து உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த உயர்வு செல்லும் என்று 2016இல்தான் தீர்ப்பு வந்தது. அந்த இழுத்தடிப்பில் ஆலை முதலாளிகளுக்கு உள்ள பங்கை நான் மறைக்கவில்லை.

வங்கதேசத்தில் நிலைமை இன்னும் கடுமை. 2023இல் மாதம் 23,000 டக்கா (அந்நாட்டு நாணயம்) கேட்டுத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். குறைந்தது நால்வர் உயிரிழந்தனர். 12,500 டக்காவில் முடித்துவைத்தார்கள். அந்த வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கவலை தெரிவித்து ஓர் அறிக்கை தயாரானது. அதே நாள் மாலையில், ஏற்கெனவே பேசி முடித்த விலையில் மாற்றம் இல்லை என்று எல்லா டாக்கா ஆலைகளுக்கும் மின்னஞ்சல் போனது. குறைந்தபட்சக் கூலி ஏறியது, நாம் கொடுக்கும் விலை ஏறவில்லை. நடுவில் உள்ள தொகையை ஆலை எங்கே தேடும் என்பதைத் திருப்பூர்ச் செக்கிங் மேசையில் பார்த்த பிறகும் அந்த மின்னஞ்சல்களில் பாதியை நான்தான் அனுப்பினேன்.

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு வேறு விளக்கம் தருவார்கள். கிராமத்தில் விவசாயத்தால் தாங்க முடியாத கூட்டம் இருக்கும்வரை நகரத்தில் கூலி ஏறாது என்று 1954இல் ஆர்தர் லூயிஸ் எழுதினார். அதில் உண்மை இருக்கிறது. ஒரு வேலைக்கு நூறு பேர் வாசலில் நின்றால் உள்ளே இருப்பவர் குரல் எழுப்ப மாட்டார். ஆனால் கூலி மழை வெயில்போலத் தானாக வருவதும் போவதும் என்று அதற்குப் பொருள் கொண்டால், அதைச் சிங்கப்பூரில் வாழ்கிற நாமே நம்பக் கூடாது.

என் பெரியம்மா எழுபதுகளில் காலாங்கில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்தவர். அப்போது இந்த ஊரும் மலிவான கைகளைக் காட்டித்தான் முதலீட்டாளர்களை அழைத்தது. 1972இல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் உட்கார்ந்து பேச தேசிய சம்பள மன்றம் அமைந்தது. 1979 முதல் மூன்றாண்டுகள் அந்த மன்றம் வேண்டுமென்றே உயர்ந்த சம்பள ஏற்றத்தைப் பரிந்துரைத்தது. மலிவு உழைப்பை நம்பியிருக்கும் தொழில்கள் ஒன்று மேம்பட வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு விலை இல்லாமல் போகவில்லை. 1985இல் பொருளியல் மந்தம் வந்தது. மறு ஆண்டு முதலாளிகள் செலுத்தும் மத்திய சேமநிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெரியம்மாவின் ஆலை ஜொகூருக்குப் போய்விட்டது. ஆனாலும் கூலி என்பது மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யப்படும் ஒன்று என்பதற்கு இந்த ஊரைவிடச் சான்று வேண்டாம்.

அந்த மேசையில் கொள்முதல் செய்பவருக்கு நாற்காலி தேவைப்படவில்லை. அப்போது செல்வ நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவுதான் துணிமணி வாங்குவது என்று ஒதுக்கீடு வைத்திருந்தன. ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குத் தாவுவது எளிதாக இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த 2005ஆம் ஆண்டின் முதல் நாளோடு அந்த ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு டாக்காவில் கூலிப் பேச்சு எழுந்தால் புனோம் பென்னின் பெயரையும், அங்கே எழுந்தால் எத்தியோப்பியாவின் பெயரையும் சொல்ல நம்மால் முடிந்தது. தனியார் துறைக்குச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமே அப்போது இல்லாத நாடு அது; அங்கே ஹவாசா தொழிற்பூங்கா 2016இல் திறக்கப்பட்டபோது அந்தப் பெயரை நான் எத்தனை விலைப்பேச்சுகளில் எடுத்துவிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு முறைகூட அங்கே ஆர்டர் கொடுத்ததில்லை. பெயரைச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

கூலி ஏறினால் வேலை ஓடிவிடும் என்று கலந்துரையாடலில் ஒருவர் சொன்னார். கம்போடியாவில் ஆடைத் தொழிலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2014இல் 100 அமெரிக்க டாலர், 2020இல் 190. கொள்ளைநோய்க்கு முந்தைய அந்த ஆண்டுகளில் அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி சுருங்கவில்லை, வளர்ந்தது. வேலை ஓடுவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வேலையை நாம் எடுத்துக்கொண்டு போவதுதான்.

2020 மார்ச் இறுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தைத்து முடித்துப் பெட்டியில் அடுக்கிய சரக்கையும் சேர்த்து ஆர்டர்களை ரத்து செய்தோம். வங்கதேச உற்பத்தியாளர் சங்கம் சொன்ன கணக்கில் மட்டும் அது 300 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். துணிக்கும் நூலுக்கும் ஆலைகள் முன்பே பணம் கட்டியிருந்தன. நாம் சரக்கு கிளம்பித் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் கழித்துப் பணம் தருகிறவர்கள். அதாவது, நம்மைவிட ஏழையான ஒருவர் நமக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார், இடர் வந்தால் அதையும் அவரே சுமக்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோதும், அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று திருப்பூரிடம் தள்ளுபடி கேட்டவர்கள் நம் துறையினர்தான்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைத்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்கு வாருங்கள். சென்ற மாதம் கேம்பல் லேனில் ஓர் இளைஞரோடு தேநீர் குடித்தேன். அவிநாசிப் பக்கம் பவர்டேபிளில் டெய்லராக இருந்தவர். ஸ்கில் டெஸ்ட் முடித்து, ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டு, இப்போது துவாஸில் கட்டுமான வேலை செய்கிறார். நாளுக்கு அடிப்படைச் சம்பளம் இருபத்திரண்டு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் நிலையில் உள்ள ஒரு வெளிநாட்டு ஊழியருக்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் மாதாந்தரத் தீர்வை 900 வெள்ளி. அவருடைய மாத அடிப்படைச் சம்பளம் அதைத் தொடுவதில்லை. துப்புரவுத் தொழிலில் தொடங்கி இங்கு விரிவுபடுத்தப்பட்ட படிப்படியான சம்பள உயர்வு முறையும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். இதற்கு எப்படிச் சம்மதித்து வந்தீர்கள் தம்பி என்று கேட்டேன். "பனியன் கம்பெனியில வாங்குனதப் பாக்கறப்ப இது பரவால்லீங்கண்ணா" என்றார். அங்கே காவலில்லாமல் விடப்பட்ட கூலி, இங்கேயும் வந்து கூலியைக் கீழே பிடித்து வைக்கிறது.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, இருநூறுக்கும் அதிகமான நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தூண்கள் சோதிக்கப்பட்டன, பூட்டிய அவசர வாயில்கள் திறக்கப்பட்டன, சரிசெய்யாத ஆலைகளோடு வணிகம் நிறுத்தப்பட்டது. 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தமும் அதே வழியில்தான், ஆலையில் பெண்கள் மீது நடக்கும் வன்முறைக்கு எதிராக, கொள்முதல் நிறுவனங்களின் கையெழுத்தையும் சேர்த்து உருவானது. கட்டடத்துக்குக் காவல் வைக்க முடிந்தவர்களுக்குக் கூலிக்கும் வைக்க முடியும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை உங்கள் மேசை அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஒரு சட்டை தைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதை நாம் நொடிக்கணக்கில் வைத்திருக்கிறோம். அந்த நிமிடங்களுக்கான கூலியைச் சிஎம்டியிலிருந்து பிரித்துத் தனி வரியாக்கி, அதைப் பேரத்துக்கு வெளியே வையுங்கள். அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் நாளிலிருந்து, கையெழுத்தான ஆர்டர்களுக்கும் சேர்த்து அந்த வரி தானாக உயரும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தைத்து முடித்த சரக்கை ரத்து செய்யும் உரிமையைக் கைவிடுங்கள். ஆலையைத் தணிக்கை செய்யப் போகிறவரிடம், எத்தனை பேர் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறார்கள், எத்தனை பேர் காண்ட்ராக்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கை முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஓர் ஆலையில் சங்கம் உருவான அடுத்த பருவத்தில் அங்கிருந்து ஆர்டரை இழுத்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துங்கள். அது எழுதப்படாத வழக்கம் என்பதால் நிறுத்துவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. விலை குறைத்தவருக்கு மதிப்பீட்டில் புள்ளி தரும் முறையை மாற்றும்படி உங்கள் தலைமையகத்திடம் கேளுங்கள். அந்தப் புள்ளிகளை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், மற்ற எல்லா மாற்றங்களும் அது ஒன்றில்தான் சிக்கி நிற்கும்.

அடுத்த கோடைக்காலத்துக்கான விலைப்பேச்சு இன்னும் சில வாரங்களில் தொடங்கும். கூலியைத் தனி வரியாகப் பிரிக்கும் பட்டியலை முதன்முறை தயாரிப்பது கொஞ்சம் சிரமமான வேலை. உங்களில் எவரேனும் அதைச் செய்ய முன்வந்தால், ஊதியம் எதுவும் எதிர்பார்க்காமல் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, அந்தப் பட்டியல் முடியும்வரை உடன் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கொள்முதல் அலுவலர் ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்